தார் சுற்றியவளுக்கும் சேர்த்து இரங்கினாள்

மாரியம்மனை நம்பி விளக்கேற்றும் அத்தனை பேருக்கும் என் வணக்கம். என் வேண்டுதல் பலித்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அம்மன் செய்த நன்மையோடு என் தப்பும் கலந்து கிடக்கிறது.

போன வருடம் தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு எங்கள் விசைத்தறிக் கூடத்தை மூடிவிட்டார்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்கு இருந்தது அது ஒன்றுதான். துண்டு நெய்தோம். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய துண்டு, எங்கள் நூல் விலையைவிட மலிவாக விற்றது. ஆர்டர் குறைந்தது, பிறகு நின்றே போனது. "இனி என்னால முடியாது தாயி, வேற வேலை பாத்துக்கோங்க" என்று முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். அவரைத் திட்டக்கூட மனசு வரவில்லை.

நானும் என் நாத்தனார் மாரீஸ்வரியும் சேர்ந்துதான் அங்கே வேலைக்குப் போனோம். புருஷனை இழந்து எங்களோடு இருப்பவள். நான் தறி ஓட்டுவேன். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் நூலை, தார் என்கிற சின்னக் குச்சியில் அவள் சுற்றித் தருவாள். அவள் சுற்றித் தராவிட்டால் என் தறி ஓடாது. ஆனால் கூலி, தறி ஓட்டுகிறவள் பெயரில்தான் வரும். தார் சுற்றுகிறவளை ஓர் ஆளாக எண்ணுகிற வழக்கமே எங்கள் கூடத்தில் கிடையாது.

இறக்குமதியால் வேலை போன தறிக்காரர்களுக்கு அரசு தையல் பயிற்சி தரப்போகிறது, பயிற்சி முடியும்வரை மாதாமாதம் பணமும் உண்டு என்று மாசியில் பேச்சு வந்தது. கோயிலுக்கு ஓடினேன். "தாயே, எனக்கு அது கிடைச்சுட்டா பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுக்கேன்" என்று விழுந்து கும்பிட்டேன். எனக்கு என்றுதான் கேட்டேன். மாரீஸ்வரி நினைவுக்கே வரவில்லை.

விசாரிக்க வீட்டுக்கு வந்த அதிகாரியம்மா, "இந்த வீட்டுல எத்தனை பேர் தறி வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். "ஒருத்திதாம்மா, நான்தான்" என்றேன். பொய் சொல்லும் எண்ணமில்லை. பழகிய வாய் சொல்லிவிட்டது. மாரீஸ்வரி அந்த அம்மாவுக்குத் தண்ணீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கும் அது தப்பாகப் படவில்லை.

பங்குனியில் எனக்கு இடம் கிடைத்தது. தீச்சட்டி எடுத்தேன். அவள் வேப்பிலையோடு என்கூடவே நடந்தாள். பிறகு அவளும் ஆபீசுக்குப் போய்க் கேட்டபோது, உங்கள் வீட்டில் ஒருத்திதான் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா கேப்பாக மதினி" என்றாள்.

"பாப்போம்த்தா" என்றேன். போகவில்லை. பேச்சை மாற்றினால் எனக்கு வந்ததும் நின்றுவிடுமோ என்று பயம். அவளும் மறுபடி கேட்கவில்லை. தாயில்பட்டியில் ஒரு பட்டாசு ஆலைக்கு வேன் ஏறிப் போக ஆரம்பித்தாள். சாயங்காலம் விரலெல்லாம் வெடிமருந்து அப்பி வருவாள். எத்தனை தேய்த்தாலும் அந்த நிறம் போகாது. அந்தக் கையால் எனக்குச் சோறு போடுவாள்.

வைகாசியில் ஒரு மத்தியானம். வெம்பக்கோட்டைப் பயிற்சிக் கூடத்தில் தைத்துக்கொண்டிருந்தேன். வெடிச் சத்தம். ஜன்னல் அதிர்ந்தது. சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்து ஆட்கள் முதலில் வெளியே வந்து புகை எந்தத் திசை என்றுதான் பார்ப்போம். தாயில்பட்டித் திசை. ஆலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், கூப்பிட்டும் கேட்க முடியாது. ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "தாயே, என் வாயாலதான அவ அங்கன போனா! அவளைத் திருப்பிக் குடு. எனக்குக் குடுத்ததை வேணும்னா எடுத்துக்கோ!" என்று கத்தினேன்.

தெரிந்தவர் ஒருவர் பைக்கில் கூட்டிப்போனார். ஆலை வாசலில் கூட்டத்துக்குள் மாரீஸ்வரி நின்றாள். முகமெல்லாம் புழுதி. வெடித்தது பக்கத்து அறை. "கூட உக்காந்து சாப்பிட்டவுக மதினி..." என்றாள். கட்டிக்கொண்டேன். கொஞ்சம் தள்ளி வேறொரு வீட்டுக்காரர்கள் மண்ணில் புரண்டு அழுதார்கள். நானோ அம்மனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நன்றி இன்றும் என்னை உறுத்துகிறது.

மறுநாள் காலையிலேயே ஆபீசுக்குப் போனேன். "அன்னைக்கு ஒருத்தின்னு சொன்னது தப்பும்மா. ரெண்டு பேரு. அவ இல்லாம நான் ஒரு துண்டுகூட நெய்யல" என்றேன். "விசாரணை முடியுற வரைக்கும் உங்க பணத்தையும் நிறுத்தி வைப்பாங்களே, பரவாயில்லையா?" என்றார் அதிகாரியம்மா. "நிறுத்துங்கம்மா" என்றேன். நிறுத்தினார்கள். மாரீஸ்வரியை நான் மறுபடி ஆலைக்கு விடவில்லை. என் வீட்டுக்காரர் லோடு இறக்கிக் கொண்டுவந்த கூலியில் கஞ்சி குடித்தோம். தினமும் நானும் அவளும் சேர்ந்து போய் அம்மன் முன்னால் நின்றோம்.

ஆடியில் விசாரணைக்கு வந்தார்கள். அன்றைக்கு எங்கள் பழைய முதலாளி தானாக வந்து நின்றார். "தார் சுத்துன பொம்பளைக அம்புட்டுப் பேரும் என் கூடத்து ஆளுகதான். நான்தான் கணக்குல சேக்கல" என்றார். நாங்கள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அம்மன்தான் கூட்டி வந்தாள் என்பேன். மாரீஸ்வரிக்கு மட்டுமல்ல, அங்கே தார் சுற்றிய எல்லாப் பெண்களுக்கும் இடம் கிடைத்தது. எனக்கு நின்ற பணமும் வந்தது.

இப்போது மாரீஸ்வரி என் பக்கத்து மிஷினில் நைட்டி தைக்கிறாள். நான் கழுத்தைக் கோணலாகத் தைத்தால், "பிரிங்க மதினி, யாரு இதைப் போடுவா?" என்று சிரிக்கிறாள். இதுவரை ஒரு நாளும் என்னைக் குத்திப் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்பானவர்களே, கஷ்டத்தில் இருந்தால் அம்மனிடம் கேளுங்கள். நிச்சயம் தருவாள், தாமதிக்கவும் மாட்டாள். தாமதித்தது நான். உங்களால் சரி செய்ய முடிந்த காரியம் ஏதாவது இருந்தால், கும்பிட்டு எழுந்த கையோடு போய்ச் செய்துவிடுங்கள். ஒரு வார்த்தை சொல்ல நான் வைகாசி வரைக்கும் யோசித்தேன். அத்தனை நாளும் மாரீஸ்வரி வெடிமருந்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.