எங்கே என்று கேட்காத வீடு

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில், அப்பாவின் படத்துக்குக் கீழே, பிறந்த இடம் என்பதற்கு எதிரே உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள எங்கள் ஊரின் பெயர் இருக்கிறது. மறைந்த இடம் என்பதற்கு எதிரே ஒன்றும் இல்லை. அச்சகத்தார், "ஏனுங்க அம்மணி, இது உட்டுப்போச்சுங்களே?" என்று கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. பருத்திக் காட்டில் வளர்ந்தவர். மழை பொய்த்த ஓர் ஆண்டில் கோயமுத்தூருக்கு மில் வேலை தேடிப் போனார். அங்கே வேலை இல்லையென்று அனுப்பிவிடவே, பட்டாளத்துக்கு ஆள் எடுத்த வரிசையில் போய் நின்றார். எழுத்துக் கற்றுக்கொண்டதே பட்டாளத்தில்தான். பின்னாளில் ஐந்து மொழிகள் பேசினார் என்பதை அவர் மறைந்த பிறகே அறிந்தோம். எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு சொல் பேச மாட்டார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

கோதுமைக் கிடங்கில் மூட்டை எண்ணுவதுதான் தம் வேலை என்று எங்களிடம் சொல்லியிருந்தார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சித்தப்பா கேலி செய்வார்.

"ஏனுங்கண்ணா, இத்தன வருசமா எண்ணியும் முடியலீங்களா?"

"எலி தின்னுபோடுதப்பா. மறுக்கா மொதல்ல இருந்து எண்ணோணும்."

கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்பது எங்கள் பக்கத்தில் ஆகாது. அப்பா "வாரேன்" என்பார். அம்மா "சரிங்க" என்பார். திருமணமான நாள் முதல் அம்மா அதற்கு மேல் ஒரு சொல் கேட்டதில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதித் தேர்வில் தேறிய முதல் ஆள் நான். சகுனமெல்லாம் பொய் என்று பள்ளியில் பேசிப் பரிசு வாங்கியவள். சென்ற ஆண்டு அப்பா பெட்டியை எடுத்துக்கொண்டு வாசற்படி இறங்கியபோது, "எங்கீங்கப்பா போறீங்க?" என்று கேட்டேன்.

"கெளம்பறவங்கள எங்கேன்னு கேப்பாங்களா? படிச்ச திமிரு!" என்று அத்தை பதறினார்.

அப்பா சினக்கவில்லை. உள்ளே திரும்பி வந்து உட்கார்ந்தார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். "வந்து சொல்றேன் கண்ணு" என்று என் தலையைத் தொட்டுவிட்டு மறுபடி கிளம்பினார்.

இரண்டு மாதம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு தந்தி வந்தது. பணியின்போது மறைந்தார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் படித்த படிப்பு அன்று எங்கள் வீட்டுக்கு அதைத்தான் செய்தது. அத்தை என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்பாவின் உடல் வரவில்லை. பெட்டி மட்டும் வந்தது. அதைக் கொண்டுவந்த மேலதிகாரி தமிழர். "அவர் உளவுப் பிரிவு அதிகாரிம்மா. ஆயுதம் இல்லாமப் போய், அங்கே இருக்கறவங்களோட பழகி, செய்தி கொண்டு வருவார். அதனால எத்தனையோ பேர் பிழைச்சிருக்கோம்" என்றார். சித்தப்பா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார்.

அப்போது அம்மா வாய் திறந்தார். "எங்கீங்க போனாரு? எந்த ஊருங்க?"

அதிகாரி தலை குனிந்தார். "அதை மட்டும் நான் சொல்லக் கூடாதும்மா."

அவர் புறப்படும்போது நான் பின்னாலேயே ஓடினேன். "கெளம்பும்போது நான் கேட்டுபோட்டேனுங்க. அதனாலதானுங்களா?"

"அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்மா. ‘கேக்கறதுக்கு எங்க வீட்டுல ஒருத்தி வந்துட்டாளே, ஓய்வு வாங்கினதும் அவகிட்டச் சொல்லோணும்’னு சொல்வார்" என்றார். அதைக் கேட்ட பிறகும் என் நெஞ்சு ஆறவில்லை.

அந்த அதிகாரிக்கும், தந்தி வந்த நாளிலிருந்து எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய பங்காளிகளுக்கும், இன்று முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒரு வேண்டுகோள். அன்பு மிகுதியால்கூட, முதல் பக்கத்தில் விட்டிருக்கும் இடத்தில் யாரும் எந்த ஊரையும் எழுதிவிட வேண்டாம். வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா போனார்.