வேப்பிலை பிடித்த கை

நெல் அறுக்கும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே துரைராசு முகத்தைக் கோணலாக்குகிறார். அது பிடிக்காமல் வேறு மாதிரி கோணலாக்குகிறார். மன்னார்குடிப் பக்கத்து வயல்களில் இது எல்லோருக்கும் பழகிவிட்டது. "பபூனு ஒத்திகை பாக்குது, வரப்பு பத்திரம்" என்பார்கள்.

திருவிழாக் காலத்தில் அவர் நாடகக் கோமாளி. சாமி, சடங்கு, நோன்பு எதையும் விட்டுவைக்க மாட்டார். ஆனால் ஒரு துணுக்கு யார் மனதில் தைக்குமோ, முதலில் அவர் முன்னால் நடித்துக்காட்டிவிட்டுத்தான் மேடையேற்றுவார். நோன்புக் கஞ்சித் துணுக்கை அதிராம்பட்டினத்தில் ஜன்னத் பீவியின் கடை வாசலில் நடித்தார். "கஞ்சிய என்ன வேணா சொல்லுங்க. நோன்பத் தொடாதீங்க" என்றார் அவர். துரைராசு கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார்.

இந்தப் பங்குனியில்தான் சிக்கல். புதுத் துணுக்கில், அருள் வந்து ஆடும் சாமியாடிக்குப் போன் வருகிறது. வேப்பிலை பிடித்த கையாலேயே எடுத்து, "கோயில்ல இருக்கேன், அப்பறம் பேசு" என்கிறார். ஒத்திகையில் துரைராசு நடித்த காட்சிகளில் இதற்குத்தான் கைத்தட்டல் அதிகம். விழாக் குழுவின் புகழேந்தி இதை எடுத்துவிடச் சொன்னார்.

"எவனாவது வீடியோ போட்டான்னா, சாமியக் கேவலப்படுத்திட்டாங்கம்பானுவ. நாடகமே நின்னுடும்ண்ணே."

"ஒங்களுக்குப் பயந்து எடுக்க மாட்டேன் தம்பி. பொன்னுத்தாயி அக்கா வேணாம்னா எடுத்துடுறேன்."

பொன்னுத்தாய்க்குத்தான் ஆண்டுதோறும் அம்மன் அருள் வரும். உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவர் முன்னால், முருங்கைக் கொத்தை வேப்பிலையாகப் பிடித்து நடித்தார் துரைராசு. பொன்னுத்தாய் சிரிக்கவில்லை. முறம் நின்றது.

"என்னையக் கிண்டல் பண்ணு, போவுது. வேப்பிலை புடிச்ச கையால போன எடுக்காத தம்பி. அந்தக் கை அவளோடது."

"அதுலதாங்க்கா சிரிப்பே இருக்கு."

"அவ்வளவுதானா ஒன் சரக்கு?"

அந்தச் சொல்லோடு வீடு வந்தார். மறுநாள் சேற்றில் இயந்திரம் திணறியது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க, சட்டைப்பையில் போன் அலறியது. கையை எடுக்க முடியாமல் முழங்கையால் அமுக்கப் பார்த்தார். சட்டென்று வண்டியை நிறுத்திவிட்டுத் தனியாகச் சிரித்தார்.

பொழுது சாய நாடகம் தொடங்கியது. சாமியாடியாக வந்த துரைராசுவின் இரண்டு கையிலும் வேப்பிலை. இடுப்பில் போன் அடித்தது. திரைக்குப் பின்னாலிருந்து ஆர்மோனியக்காரர்தான் தன் போனிலிருந்து அழைக்கிறார். சாமியாடி வேப்பிலையைக் கீழே வைக்கமாட்டார். போனும் ஓயமாட்டேன் என்கிறது. முழங்கையால் இடிக்கிறார். பந்தல்காலில் இடுப்பைத் தேய்க்கிறார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. புகழேந்தி மட்டும் பொன்னுத்தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகப் போன் அடங்கியது. துரைராசு மூச்சு விட்டார். மறுபடி அடித்தது. திரையோரம் திரும்பினார். ஆர்மோனியக்காரர் இரண்டு கையையும் விரித்து, நானில்லை என்று தலையாட்டினார்.

முன்வரிசையில் பொன்னுத்தாய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, செல்போனைக் காதில் வைத்திருந்தார்.