பீஷ்மரின் குதிகால்

அலாரம் அடித்ததும் ஓவியர் பத்மநாபன் தூரிகையைப் பல்லில் கவ்விக்கொண்டு எழுந்துவிடுவார். அவர் வரையும் அதே ஹாலில் ஜன்னலோரக் கட்டிலில் மனைவி விசாலாக்ஷி அம்மாள். பக்கவாதம் வந்து இரண்டு வருடம். இடது பக்கம் வேலை செய்யாது. வாய் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அலாரம் வைத்து அம்மாளைப் புரட்ட வேண்டும். சுவர்ப்பக்கம் திருப்பினால் ஓவியருக்கு இரண்டு மணி நேரம் விடுதலை. இந்தப் பக்கம் திருப்பினால் கான்வாஸ் அம்மாளின் கண்ணெதிரே.

வீடு மராட்டி பேசும் ஊரான நிக்டியில், இரண்டாவது மாடி. கட்கி ராணுவத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போட்டவர். ஓய்வுக்குப் பின் புராணம் மட்டும்தான். வாகட் பக்கத்து அடுக்குமாடிகளில் அவர் வரையும் கிருஷ்ணர் படங்களுக்குக் கிராக்கி. ஸோபாவுக்குப் பொருந்தும் நிறத்தில் கிருஷ்ணருக்குப் பட்டு கேட்பார்கள். "என்ன கலர் வேணுமோ சொல்லுங்கோ, கட்டிக்கப் போறது அவன்தானே" என்பார், சிரிக்காமல்.

2004இல் மூத்த குடிமக்கள் சங்கம் தன் புது மண்டபத்துக்கு ஆறடிப் படம் கேட்டது: அம்புப் படுக்கையில் பீஷ்மர். பத்மநாபன் பழக்கம் விடாமல் ஸ்கேல் வைத்து, சம இடைவெளியில் அம்புகளை நட்டார்.

"ஏன்னா, இது அம்புப் படுக்கையா, ஸ்பிரிங் மெத்தையா?" என்றார் விசாலாக்ஷி.

"ஏன், என்ன குறைச்சல்?"

"இப்படி ஒரே சீராத் தாங்கினா எனக்கே தூக்கம் வரும். படுத்துண்டே இருக்கறவளைக் கேளுங்கோ. குதிகால், இடுப்பெலும்பு, தோள்பட்டை. அங்கதான் குத்தும். மத்த எடமெல்லாம் சும்மா."

"சித்த கண்ணை மூடிண்டு படேன்."

ஒரு புதன்கிழமை பீஷ்மரின் கண் நன்றாக வந்துகொண்டிருந்தது. அலாரம் அடித்தது. அம்மாள் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். பத்மநாபன் கை நீட்டி அலாரத்தை அமுக்கிவிட்டு வரைந்தார். அடுத்த அலாரத்துக்குப் போர்வையை விலக்கியபோது இடது குதிகால் சிவந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் வெளுத்து மறுபடி சிவந்தால் பயமில்லை. வெளுக்காவிட்டால் உள்ளே சதை கெட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அம்மாளுக்குச் சர்க்கரை வேறு. புண்ணானால் காலே போகலாம்.

வெளுக்கவில்லை.

"என்ன, சத்தத்தையே காணும்?"

"ஒண்ணுமில்லே."

"ஒண்ணுமில்லாததுக்கா காலைப் பிடிச்சுண்டு உக்காந்திருக்கேள்?"

கான்வாஸைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். துண்டைச் சுருட்டிக் கெண்டைக்காலுக்கு அடியில் கொடுத்துக் குதிகாலை அந்தரத்தில் நிறுத்தினார். அதன்பின் அலாரம், கட்டைவிரல், அலாரம், கட்டைவிரல். சமையல்கூட ஏனோதானோ.

சனிக்கிழமை சங்கச் செயலாளர் ஷிரோளே மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "காகா, உத்யா உத்காடன்!" நாளைக்குத் திறப்பு விழா. படத்தை அவரே திருப்பிப் பார்த்தார். நன்றாகத்தானே இருக்கிறது, அப்படியே கொடுத்துவிடுங்கள் என்று மராட்டியில் கெஞ்சினார்.

"நாஹி" என்று மறுத்தார் பத்மநாபன். அம்புகள் தப்பாக இருக்கின்றன என்று மட்டும் சொல்லிப் படத்தை மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பினார். விழா ஒரு காலண்டர் படத்துக்கு மாலை போட்டு நடந்தது.

திங்கட்கிழமை பிற்பகல் அழுத்தியபோது குதிகால் வெளுத்தது, மெல்லச் சிவந்தது. நம்பாமல் மறுபடி அழுத்தினார். மறுபடியும்.

"எத்தனை தடவை அமுக்குவேள்? காலிங் பெல்லா அது?"

"வெளுக்கறதுடி."

அம்மாள் கான்வாஸ் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு, "அப்ப அவரைப் போய்ப் பாருங்கோ. அஞ்சு நாளா செவுத்தைப் பாத்துண்டு கிடக்கார் பாவம்" என்றார்.

பத்மநாபன் கான்வாஸைத் திருப்பினார். கத்தியால் அம்புகளைச் சுரண்டி எடுத்தார். குதிகாலில், இடுப்பில், தோளில் மட்டும் புதிதாக நட்டார். குதிகாலுக்குச் சிவப்பைக் கனமாக அப்பினார். ஒரு பக்கம் சரிந்த உடம்புக்கு இப்போதுதான் எடை வந்தது.

அலாரம் அடித்தது. தூரிகை பல்லுக்குப் போயிற்று. எழுந்தவரின் கட்டைவிரல் தானாக பீஷ்மரின் குதிகாலுக்குப் போய் அழுத்தியது. ஈரச் சிவப்பு விரலோடு வந்துவிட, அழுத்திய இடம் வெள்ளையாகத் தெரிந்தது. அது மறுபடி சிவக்கிறதா என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றார்.