வெண்டல் ஹாகனின் தட்டு

கல்யாணமாகி இருபது வருஷத்தில் வெண்டல் ஹாகன் மாமியார் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தைச் சுடச்சுடச் சாப்பிட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் கல்யாணமான முதல் வருஷம், புது மாப்பிள்ளை என்ற மரியாதைக்கு. மற்ற பத்தொன்பது வருஷமும் அவன் பங்கு அலுமினியத் தாள் சுற்றிய ஒரு தட்டில்தான் வந்து சேர்ந்தது. தாளின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, அதில் மாமியார் ஆர்டிஸ் தன் கையால் 'வெண்டல்' என்று எழுதியிருப்பாள். மனைவி மார்னா அதைக் காரின் பக்கத்து இருக்கையில் வைத்து நூற்று அறுபது மைல் ஓட்டிக்கொண்டு வருவாள். அவன் சூடு காட்டி, சமையலறையில் நின்றபடியே தின்றுவிட்டு, "உங்கம்மா கைப்பக்குவமே தனிதான்" என்பான்.

அவன் லைன்மேன். வட டகோட்டாவில், கோதுமை வயலும் கம்பமும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத சீமையில், கிராமத்து மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை. அந்தச் சீமையின் பனிப்புயலுக்கு நாள் பார்க்கத் தெரியும். டிசம்பர் கடைசி வாரம்தான் வரும். வந்தால் எங்காவது ஒரு கம்பி அறுந்தே தீரும். சங்கத்தில் கம்பம் ஏறுகிறவர்கள் நாலு பேர். "பிள்ளகுட்டிக்காரனெல்லாம் வீட்டுக்குப் போங்கடா, நான் பாத்துக்குறேன்" என்று வெண்டல்தான் முதலில் கை தூக்குவான். தனக்கும் சிக்னி என்று ஒரு பெண் இருக்கிறாள் என்பது அந்த நேரம் பார்த்து அவனுக்கு மறந்துபோகும். அதனால் ஊரில் அவனுக்கு நல்ல பெயர். இப்படி ஊர் முழுக்க நல்ல பெயர் எடுத்தவன் வீட்டில் யாராவது ஒருத்தர் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டியிருக்கும். அவன் வீட்டில் இரண்டு பேர்.

போன அக்டோபரில் ஒருநாள், பாத்திரம் துடைத்துக்கொண்டே மார்னா சொன்னாள்: "அடுத்த வருஷம் சிக்னி காலேஜுக்குப் போயிருவா. இந்த கிறிஸ்துமஸுக்கு நீ மேஜையில உக்காரலன்னா, அப்புறம் நீ உக்காந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல."

அவள் கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான். அவள் கத்தவில்லை. தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தாள், அடுத்த தட்டை எடுத்தாள்.

"உங்கப்பா அஞ்சு மணிக்கு ஜெபம் சொல்லும்போது நான் மேஜையில இருப்பேன்" என்றான். மறுநாளே போய் லீவு எழுதிக் கொடுத்தான். வாங்கிய மேலாளர் தேதியை இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

அந்தக் கோடையில்தான் வீட்டிலிருந்த பழைய காரைக் கொடுத்துவிட்டு அவன் எலக்ட்ரிக் பிக்கப் வண்டி வாங்கியிருந்தான். வாழ்நாளில் அவன் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அது. அதன் பேட்டரியிலிருந்து ஒரு வீட்டுக்கே மின்சாரம் கொடுக்கலாம். மார்னாவின் அண்ணன் கேலன் டீசல் வண்டிக்காரன். சேதி கேட்ட அன்றே போன் போட்டுவிட்டான்: "ஏன் மச்சான், எக்ஸ்டென்ஷன் ஒயரு எத்தன மைலுக்கு வாங்கி வச்சிருக்க?" வெண்டல் சிரித்துவைத்தான். ஒரு தடவை நிரப்பினால், குளிரில்கூட நூற்று அறுபது மைலில் முக்கால்வாசிக்கு மேல் ஓடும். வழியில் கால் மணி நேரம் நின்றால் போதும். கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டு வைத்திருந்தான்.

டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் ஆஸ்கர் லீன் போன் செய்தார். ஒரு மைல் தள்ளி, கல்யாணமே செய்துகொள்ளாமல், பத்து மாடுகளோடு தனியாக இருக்கிற எண்பது வயது மனுஷன்.

"வெண்டல், நீ லீவுல இருக்கன்னு தெரியும். உன்னத் தொந்தரவு பண்ணல. சும்மா சொல்லி வைக்கிறேன். இங்க கரண்ட் இல்ல."

அந்தப் பக்கத்தில் 'தொந்தரவு பண்ணல' என்று ஒருவர் சொன்னால் செருப்பு மாட்டக்கூட நிற்காமல் ஓடிவா என்று பொருள். சங்கத்து ஆட்கள் மூன்று பேரும் பெரிய லைன் ஒன்று விழுந்து வேறு திசையில் இருந்தார்கள். காலைக்கு முன்னால் வரமாட்டார்கள். வெண்டல் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அதிலிருந்தே ஆஸ்கரின் வீட்டு ஹீட்டருக்கும், மாட்டுத் தொட்டி உறையாமல் வைக்கும் ஹீட்டருக்கும் ஒயர் கொடுத்தான். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, முழங்கால் பனியில் நடந்து வீடு வந்தான். காலையில் போய் எடுத்துவந்தபோது பேட்டரி பாதிக்கு வந்திருந்தது.

மார்னா வண்டிக்குள் இருந்த திரையை எட்டிப் பார்த்தாள். "லீவு எழுதிக் கொடுத்தது யாரு, நீயா நானா?"

"கிழவன் விறச்சுச் செத்திருப்பான் மார்னா."

"ஆமா" என்றாள் அவள். அதுதான் அவளுடைய கஷ்டமே. பத்தொன்பது வருஷமும் அவன் சொன்ன காரணத்தில் ஒன்றுகூட பொய்யில்லை.

காலை எட்டு மணிக்குப் புறப்பட்டார்கள். மாமியார் வீட்டில் விருந்து கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. ஹீட்டரைப் போட்டால் வண்டி வழியில் இருக்கிற ஹார்விக் வரைகூடப் போகாது. அதனால் கோட்டு, குல்லா, கையுறையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்தால் புகை வந்தது. டீசல் வண்டி என்றால் இரைச்சலாவது இருக்கும். இதில் அதுவும் இல்லை. யாரும் பேசாமலிருந்தது அவனுக்கு நன்றாகக் கேட்டது.

முப்பது மைல் போனபின் அவன் கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்து, "டிராம்போன் வாசிப்பெல்லாம் எப்படிப் போகுது, சிக்னி?" என்றான்.

சிக்னி காதிலிருந்த இயர்போனை எடுத்தாள். "என்னப்பா?"

"டிராம்போன்."

"அத விட்டு ரெண்டு வருஷம் ஆச்சுப்பா."

"அப்படியா. இப்ப என்ன பண்ற?"

"நிறைய" என்றாள். கோபமில்லை. பக்கத்து ஊர்க்காரர் கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். பிறகு மறுபடியும் காதில் மாட்டிக்கொண்டாள். மாவட்டத்தில் எந்தக் கம்பத்தில் எந்த வருஷம் என்ன பழுது என்று கேட்டால் வெண்டல் தூக்கத்தில்கூடச் சொல்வான்.

ஹார்விக்கில் பண்ணைச் சாமான் விற்கும் கடையின் பின்புறம் இரண்டு சார்ஜ் மெஷின்கள் இருந்தன. ஒன்றின் தலையில் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. மற்றது வேலை செய்தது. ஆனால் குளிரில் விறைத்துப்போன பேட்டரி மின்சாரத்தை வாங்கமாட்டேன் என்றது, கசப்பு மருந்துக்கு வாயை இறுக மூடிக்கொள்ளும் குழந்தை மாதிரி. பத்து மணிக்குப் போட்டது. பதினொன்றரைக்குப் பார்த்தால் இன்னும் நாலு மணி நேரம் என்றது திரை.

மார்னா போனை எடுத்தாள். "கேலன், கொஞ்சம் வர்றியா? சர்ச்சுல மூணு மணிக்கு நானும் இவளும் இருக்கணும்."

ஒன்றே காலுக்குக் கேலன் வந்து இறங்கினான். அவன் வண்டியைத் திறந்ததும் உள்ளேயிருந்து வெந்நீர்க் குளியலறை மாதிரிச் சூடு வந்தது. மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தான்.

"ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கிற ஆளு கரண்டுக்காக கடைவாசல்ல நிக்கிறியே மச்சான்! விளக்குக்கு அடியிலதான் இருட்டுன்னு சும்மாவா சொன்னான்? சரி, நீயும் ஏறு. வண்டி எங்க ஓடிப்போகப்போகுது? நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்."

சிக்னி அதற்குள் ஏறியிருந்தாள். மார்னா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் ஏறுவதற்காகத்தான் நின்றாள்.

வெண்டல் மெஷினைப் பார்த்தான். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "இது நடுவுல நின்னுபோச்சுன்னா பேட்டரி கெட்டிரும். நீங்க போங்க, நான் பாத்துக்குறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. மார்னா தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

"அஞ்சு மணிக்கு இருப்பேன்!" என்று மூடிய கண்ணாடியைப் பார்த்துக் கத்தினான். அவள் கை அசைத்தாள்.

இரண்டு மணிக்குக் கடையைப் பூட்டினார்கள். காசாளர் பெண் தன் காரிலிருந்து இறங்கிவந்து, "ஒங்களுக்கு ஒண்ணும் வேணாமே?" என்றாள். "ஒண்ணும் வேணாம், ரொம்ப நல்லா இருக்கேன்" என்றான். அவளும் போனாள். மைதானம் அளவுக்கு ஒரு பார்க்கிங். அதன் நடுவில் ஒரே ஒரு வண்டி, அதற்குள் ஒரே ஒரு ஆள். கையுறைக்குள் விரலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கம்பத்தின் உச்சியில் புயலில் தனியாகத் தொங்கும்போது ஒருநாளும் அவனுக்குத் தனிமையாகத் தோன்றியதில்லை. கீழே எங்கோ ஒரு வீடு தனக்காகக் காத்திருக்கிறது என்று தோன்றும். இங்கே அவனுக்காக எதுவும் காத்திருக்கவில்லை. அழுகை வரும்போல இருந்தது. வரவில்லை.

மூன்றே காலுக்குத் திரை எண்பத்து நாலு மைல் என்றது. போகவேண்டியது எண்பது. ஹீட்டர் போட்டால் எழுபதுதான். ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கிளம்பினான்.

நாலரைக்கு இருட்டிவிட்டது. எதிர்க்காற்று. கால்விரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மூச்சுப்பட்டுக் கண்ணாடியின் உட்புறம் பனி படிந்தது. ஒரு கையால் சுரண்டிச் சுரண்டி ஓட்டினான். திரையில் மைல் குறையக் குறைய, வாய்விட்டு "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். வண்டியைக் கெஞ்சினான். பேட்டரியில் ஐந்து மைல் மிச்சமிருக்கும்போது மாமனார் வீட்டு முற்றத்து விளக்கு தெரிந்தது. முற்றத்தில் நிறுத்தியபோது மணி நாலு ஐம்பத்தேழு. ஜெயித்துவிட்டான். வண்டியைக் கொட்டகைச் சுவரில் இருந்த பிளக்கில் மாட்டிவிட்டு, மரத்துப்போன காலோடு படியில் ஓடினான்.

கதவைத் திறந்தபோது எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றிருந்தார்கள். மாமனார் எல்மர் ஜெபத்துக்குக் கைகளைக் கோத்துவிட்டார்.

மேஜையில் ஐந்து தட்டுகள் இருந்தன. எல்மர், ஆர்டிஸ், கேலன், மார்னா, சிக்னி. ஆறாவது தட்டு அடுப்புக்குப் பக்கத்தில், அலுமினியத் தாள் சுற்றி, டேப் ஒட்டி, பெயர் எழுதித் தயாராக இருந்தது.

"அட, வந்துட்டியேப்பா!" என்றாள் ஆர்டிஸ். அவள் முகம் சிவந்துவிட்டது. "நான் பாரு, பழக்கதோஷத்துல... கேலன், ஒரு நாற்காலி கொண்டா!"

நாற்காலி ஐந்துதான் இருந்தது. பியானோ முன்னாலிருந்த பெஞ்சைத் தூக்கிவந்து மேஜை முனையில் போட்டார்கள். ஆர்டிஸ் அவன் தட்டின் தாளைக் கிழியாமல் பிரித்து, நீவி, நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்தாள். நல்ல தாளை யாரும் எறிவதில்லை. எல்மர் ஜெபம் சொன்னார். "ஆமென்" என்று எல்லோரும் சொன்னபோது வெண்டலும் சொன்னான். கொடுத்த வாக்கை அவன் காப்பாற்றிவிட்டான்.

பெஞ்சு தாழ்வு. மேஜை அவன் நெஞ்சுக்கு வந்தது. மீன் பாத்திரம் இடமாகப் போகிறதா வலமாகப் போகிறதா என்று தெரியாமல் எதிர்ப்பக்கம் கை நீட்டினான். உருளைக்கிழங்கு ரொட்டியில் முதலில் வெண்ணெயா சர்க்கரையா என்பதில் எல்மருக்கும் கேலனுக்கும் வருஷா வருஷம் நடக்கிற சண்டை நடந்தது.

"சர்க்கரைய அடியில போடுறவன் என் மகனே இல்ல" என்றார் எல்மர்.

"அப்ப போன வருஷம் தாத்தா தூங்கும்போது அவர் ரொட்டியில சர்க்கரை போட்டது யாரு?" என்றாள் சிக்னி. மேஜையே குலுங்கிச் சிரித்தது. சிக்னி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்று வெண்டலுக்குத் தெரியாது. அவனும் சிரித்தான். ஆனால் போன வருஷம் அவன் அங்கே இல்லையே, கொஞ்சம் பிந்தித்தான் சிரிப்பு வந்தது. உடனே மார்னா திரும்பி, "அது என்னன்னா வெண்டல்..." என்று விருந்தாளிக்குச் சொல்வதுபோல விளக்கத் தொடங்கினாள்.

அப்போது விளக்கு ஒரு தடவை சிமிட்டியது. ஒரு நொடி விட்டு மறுபடி சிமிட்டியது.

எங்கோ கிளை ஒன்று லைனைத் தொடுகிறது. மூன்றாவது தடவை தொட்டால் மொத்தமாகப் போய்விடும். வெண்டல் எழுந்து நின்றிருந்தான். எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. மேஜையில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஆர்டிஸ் மடித்து வைத்த தாளை எடுத்து விரிக்க ஆரம்பித்தாள்.

விளக்கு நின்று எரிந்தது.

"போறியாப்பா?" என்றாள் சிக்னி.

"இல்லம்மா. இது நம்ம லைன் இல்ல. நான் எதுக்குப் போகணும்?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். கேலன்கூடக் கேலி செய்யவில்லை.

விளக்கு சிமிட்டி, அவன் எழுந்து நின்ற அந்த இரண்டு நொடியும் அவன் சந்தோஷமாக இருந்தான். அன்றைக்கு முழுக்க, காலையிலிருந்து, அந்த இரண்டு நொடி மட்டும்தான். தன் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது. சிக்னி அதைப் பார்த்துவிட்டாள் என்பதும் தெரிந்தது. அவள் ரொட்டித் தட்டை எடுத்து அவன் பக்கம் நீட்டி, "இடது பக்கமாப் போகணும்ப்பா" என்றாள்.

அவன் ஒன்றை எடுத்துக்கொண்டு இடது பக்கம் கொடுத்தான். மாமியார் தாளை மறுபடியும் நாலாக மடித்தாள். ஆனால் உள்ளே கொண்டுபோய் வைக்கவில்லை, கைக்கெட்டும் இடத்திலேயே வைத்துக்கொண்டாள்.