சாலமோன் அண்ணன் சுரண்டிய சிமெண்டு

சாலமோன் அண்ணன் போய்விட்ட செய்தியை அவர் மனைவி மேரி அண்ணி போனில் சொன்னார். அடக்கத்துக்குப் போய்த் திரும்பிய மறுநாள் எங்கள் நாளிதழைப் பிரித்தேன். முப்பது வருடம் ஆம்பூர் நிருபராக இருந்தவருக்கு நான்கே வரி. பக்கத்தில் பெரிதாக ஒரு படம்: டேனரி முதலாளி ஒருவர் மாலை வைக்கிறார். முதலாளியின் முகம் தெரிகிறது. அண்ணனுக்குக் கால் மட்டும் தெரிகிறது. பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

அண்ணனோடு பழகியவர்களுக்கு அந்த முதலாளி யாரென்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் அந்த டேனரியின் கழிவுத் தொட்டியில் அடைப்பெடுக்க எபனேசர் என்ற தொழிலாளியை இறக்கினார்கள். இடுப்பில் ஒரு கயிறுகூடக் கட்டவில்லை. விஷவாயுவில் அங்கேயே இறந்தார். அண்ணன் பஸ்ஸில் கவர் போட்டு அனுப்பிய செய்தியின் முதல் வரியிலேயே டேனரியின் பெயர் இருந்தது. வேலூர் ஆபீஸில் உதவி ஆசிரியராக இருந்த நான் அதை அடித்துவிட்டு, 'தனியார் தோல் தொழிற்சாலை ஒன்றில்' என்று போட்டேன். விளம்பரம் கொடுப்பவர் பெயர் விளம்பரத்தில் மட்டும்தான் வரும். அதுதான் எங்கள் வழக்கம்.

செய்தி வந்த மறுநாள் அண்ணன் போன் செய்தார். கத்தவில்லை. "ஆம்பூர்ல இருக்கிறது எல்லாமே தனியார்தான் தம்பி. எதுன்னு எழுத உனக்கு இன்னா பேஜாரு?" என்றார். மேலே சொன்னார்கள் என்று மழுப்பினேன்.

அவர் அப்போது இந்தப் பக்கத்துப் பழைய பத்திரிகைகளையும் கல்லறைத் தோட்டங்களையும் பற்றி ஒரு வரலாறு எழுதிக்கொண்டிருந்தார். வாலாஜாபேட்டை வரை போய்ப் பழைய பேப்பர்களைப் புரட்டுவார். பிறகு கல்லறைக் கற்களோடு ஒப்பிடுவார். பேப்பரில் 'திடீர் மரணம்' என்று வந்தவர் எப்படிச் செத்தார் என்பது சில சமயம் கல்லில் இருக்கும். அந்த நம்பிக்கையில் எபனேசர் வீட்டாரிடம் பேசி, கல்லில் டேனரியின் பெயரையும் வெட்ட வைத்தார். ஒரு மாதம்கூட நிற்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு மதில் கட்டிக் கொடுத்தவரே அந்த முதலாளிதான். சபைக் கமிட்டி அந்த ஒரு வரியின்மேல் சிமெண்டு பூசிவிட்டது. செத்தவன் வாயைப் பொத்தவும் ஜெபம் செய்துவிட்டுத்தான் தீர்மானம் போட்டிருப்பார்கள். தூ.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் சுண்ணாம்பும் பூவுமாக வருவார்கள். அண்ணன் ஒரு ஆணியோடு வருவார். எபனேசரின் கல்முன் உட்கார்ந்து சிமெண்டைச் சுரண்டி எழுத்தை வெளியே எடுப்பார். சில நாளில் கமிட்டி மறுபடி பூசிவிடும். அவர் ஓய்வு பெற்ற பிறகும் இது நடந்தது. ஒருமுறை நானும் கூட நின்றேன். அவர் விரலெல்லாம் ரத்தமாக இருந்தது, விட்டுவிடச் சொன்னேன்.

"நீ பேனாவால ஒரே இழுப்புல அடிச்சிட்ட. எனக்கு வருஷா வருஷம் வேலை வெச்சிட்ட" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இப்போது அவருக்கு அஞ்சலி மலர் போடுகிறார்கள். என்னிடமும் கட்டுரை கேட்டார்கள். டேனரியின் பெயர் மட்டும் வேண்டாமாம், பின்னட்டை அவர்கள் விளம்பரமாம். அந்த மலரில் எழுதக் கை கூசியது. அதனால்தான் இந்தச் சிற்றிதழுக்கு வந்திருக்கிறேன்.

அண்ணன் கைப்பட எழுதிய அந்தச் செய்தியை நான் எறியவில்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். நான் சிவப்பு மையில் அடித்த முதல் வரியை அவர் எழுதியபடியே இங்கே தருகிறேன்: "ஆம்பூர் மணிப்புறா டேனரியின் கழிவுத் தொட்டியில் பாதுகாப்பு ஏதுமின்றி இறக்கப்பட்ட தொழிலாளி எபனேசர் விஷவாயு தாக்கி இறந்தார்."