தூக்கம் வரவில்லை என்று தட்டிய ஊர்

பெருமாநல்லூர் சாலையில், இரண்டு பனியன் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கடையை வாடகைக்குப் பிடித்து நானும் என் வீட்டுக்காரரும் பிரவுசிங் சென்டர் நடத்தினோம். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். அவருக்கு ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் துணியின் தரம் பார்க்கும் வேலை. சென்டரைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டது நான். ஆறு கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் பிளைவுட் தடுப்பு. ஏழாவது, கவுண்டரில் என் உபயோகத்துக்கு.

கடை திறந்ததும் என் முதல் வேலை, முந்தின நாள் ஜனங்கள் தேடியதை அழிப்பது. தேடும் பெட்டியில் ஓர் எழுத்தைத் தட்டினால் போதும், அந்த எழுத்தில் முன்னால் யாரோ தட்டியதெல்லாம் கீழே வரிசையாக இறங்கும். ஒருமுறை அப்பாவோடு பரீட்சை முடிவு பார்க்க வந்த பெண் இரண்டு எழுத்து தட்டியதும், அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் தேடிய அசிங்கமெல்லாம் இருவர் கண்ணிலும் பட்டுவிட்டது. அந்த அப்பா முடிவைப் பார்க்காமலே மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து தினமும் அழிப்பேன். அழிக்கும்போது கண்ணில் படாமல் இருக்குமா? படும். ரயில் டிக்கெட், பாஸ்போர்ட், ஜாதகப் பொருத்தம், புதுப்படப் பாட்டு. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் ஆளாளுக்கு ஒரு மாதிரி தட்டியிருப்பார்கள். படித்துச் சிரித்துக்கொண்டே அழிப்பேன்.

வெளிநாட்டு ஆர்டர்கள் சட்டென்று குறைந்த அந்த வருடம் சிரிப்பு நின்றது. பக்கத்துக் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்டு ஒரு ஷிப்டானது, பிறகு வாரத்தில் நாலு நாள் ஆனது. போதாததற்கு மின்வெட்டு வேறு. அந்தச் சமயத்தில்தான் 'தூக்கம் வரவில்லை' என்ற வார்த்தை முதலில் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் வந்தது. மறுநாள் ஐந்தாம் நம்பரில், வேறு எழுத்துக்கூட்டலில். 'நெஞ்சு படபடப்பு ஏன்', 'சாப்பாடு இறங்கவில்லை', 'கை நடுக்கம் காரணம்'. ஒரே ஆள் மாறி மாறி உட்கார்ந்து தட்டுகிறாரோ என்று முதலில் நினைத்தேன். ஒவ்வொருவரும் 'தூக்கம்' என்பதை ஒவ்வொரு விதமாக எழுதியிருந்ததைப் பார்த்த பிறகுதான், இவர்கள் பல பேர் என்று புரிந்தது.

ஏன் என்று தெரியாமலே ஒரு நோட்டு வாங்கினேன். பெயர் எழுதவில்லை, நேரம் எழுதவில்லை. வார்த்தையை மட்டும் எழுதி, அது திரும்ப வந்தால் பக்கத்தில் ஒரு கோடு போடுவேன். இரண்டு மாதத்தில் 'தூக்கம்' பக்கம் கோடுகளால் நிறைந்துவிட்டது.

அந்த நாட்களில் ஒரு வரி என்னைத் தொந்தரவு செய்தது. 'என்கூடப் பேச ஆள் இல்லை' என்று யாரோ நாலாம் நம்பரில் தட்டியிருந்தார்கள். நாலாம் நம்பர் என்றதும் எனக்கு ஒரே முகம்தான் ஞாபகம் வந்தது. மூலனூர்ப் பக்கத்திலிருந்து வந்து டெய்லராக இருந்த ஒரு தம்பி. வாரம் ஒரு தடவை வந்து அந்தத் தடுப்புக்குள்ளேயே உட்காருவான். வரும்போதும் பேச மாட்டான், போகும்போதும் பேச மாட்டான். இவன்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அடுத்த தடவை வந்தபோது டீ வாங்கி வந்து அவன் பக்கத்தில் வைத்தேன்.

"தம்பி, மனசுல ஏதாச்சும் வருத்தம் இருந்தா இந்த அக்காகிட்ட சொல்லலாம். பேச ஆள் இல்லன்னு நெனைக்காதப்பா" என்றேன்.

அவன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். "எனக்கென்னங்க்கா வருத்தம். அடுத்த மாசம் கல்யாணமுங்க. பத்திரிகைக்கு டிசைன் பாத்துட்டு இருக்கறனுங்க" என்றான். திரையில் தங்கநிறப் பிள்ளையார் ஒருவர் இருந்தார். நான் அசடு வழிந்து நின்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்: "அப்ப நாங்க இங்க தட்டறதெல்லாம் நீங்க பாப்பீங்களா?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே அது என்னைக் குத்தியது. டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் நோட்டைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு டாக்டர் பெண் உள்ளே வந்தார். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு எங்கள் சென்டரில்தான் விண்ணப்பம் அனுப்புவார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, ஒடம்பு செரியில்லீங்களா?" என்றார். நடந்ததைச் சொல்லி நோட்டைக் காட்டினேன்.

நின்றபடியே பக்கங்களைப் புரட்டியவர், பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு தெனமும் எங்கிட்ட வர்றாங்க. ஹார்ட்டுல ஒண்ணுமே இருக்கறதில்லீங்க்கா. ஒண்ணுமில்ல போங்கன்னு அனுப்பிச்சர்றோம். அவிய நேரா இங்க வந்து தட்டறாங்களாட்ட இருக்குது" என்றார்.

"அது யாருன்னு எனக்குத் தெரியலியே டாக்டர். ஒருத்தன்கிட்ட கேட்டு அவமானப்பட்டுட்டேன்."

"ஆளத் தேடுனதுதானுங்க்கா தப்பு. இது ஊருக்கு என்ன ஆச்சுன்னு சொல்லும். எந்த ஊட்டுல என்னன்னு சொல்லாது. வெளிநாட்டுல தேடற வார்த்தைய வெச்சே காய்ச்சல் எங்க பரவுதுன்னு பாக்கறாங்களாமா. நீங்க நோட்டுல அதத்தானுங்க பண்ணியிருக்கறீங்க."

அன்று இரண்டு முடிவு செய்தோம். முதலாவது, அந்தத் தம்பிக்காக. 'இங்கே நீங்கள் தட்டுவது அடுத்து உட்காருபவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். போகும்போது அழித்துவிட்டுப் போங்கள். தெரியாவிட்டால் கேளுங்கள், சொல்லித் தருகிறோம்' என்று எழுதி எல்லாத் தடுப்பிலும் ஒட்டினேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காக யாரும் வராமல் இருக்கவில்லை. இரண்டாவது, டாக்டர் ஞாயிறு காலையில் தன் சொந்த நேரத்தில் வந்து, கடைக்குப் பின்னால் இருந்த காலி அறையில் இரண்டு மணி நேரம் உட்காருவது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

'மனநல ஆலோசனை, இலவசம்' என்று போர்டு வைத்தோம். முதல் ஞாயிறு ஒருவரும் வரவில்லை. இரண்டாம் ஞாயிறு ஒருவர் வந்து போர்டைப் படித்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தபடி வேகமாகப் போனார். டாக்டர் கொண்டு வந்த பாடப் புத்தகத்தில் நாற்பது பக்கம் முடித்துவிட்டார்.

"மனநலம்னு எவன் வருவான்? நான் பைத்தியமான்னு கேப்பான்" என்றார் என் வீட்டுக்காரர். அவருடைய கம்பெனி ஒரு யூனிட்டை மூடிவிட்டதால், அந்த மாதத்திலிருந்து அவர் என்னோடு சென்டரில்தான் இருந்தார். வேலை போனதை அவர் ஒரு தமாஷாகவே சொல்லித் திரிந்தார். "இத்தன வருசமா துணியில ஓட்டையப் பாத்தேன். இப்ப கம்பெனியிலயே ஓட்ட விழுந்துருச்சு" என்று வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். மனுஷன் தெம்பாக இருக்கிறார் என்று எனக்குப் பெருமைகூட.

மனநலம் என்றால் எவன் வருவான் என்று அவர் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். ஒருவர்கூட 'மனநலம்' என்று தட்டியதில்லை. நோட்டைத் திறந்து, அதிகக் கோடு விழுந்த வார்த்தைகளை அப்படியே போர்டில் எழுதினேன். 'தூக்கம் வரவில்லையா? நெஞ்சு படபடக்கிறதா? சாப்பாடு இறங்கவில்லையா? ஞாயிறு காலை டாக்டர் இருப்பார்.' வேறொன்றும் எழுதவில்லை.

அந்த ஞாயிறு பதினொரு பேர் வந்தார்கள். ஊரே கேட்கும்படி சிரிக்கிற ஒரு கட்டிங் மாஸ்டர் வந்தார். கம்ப்யூட்டர் பக்கமே வராத பேக்கிங் பெண்கள் நாலு பேர், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். "எங்களுக்கும் இதேதான் இருக்கு, நாங்க யார்ட்ட கேக்க?" என்றாள் அதில் ஒருத்தி. என் நோட்டில் இவர்களுக்கு ஒரு கோடுகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தட்டத் தெரியாதவர்கள் இந்த ஊரில் எத்தனை பேரோ.

அதற்கடுத்த வாரம் பக்கத்துக் கம்பெனி முதலாளியே வந்தார். காரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார். வரிசையில் அவருக்கு முன்னால் அவர் கம்பெனியில் துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் டெய்லர் உட்கார்ந்திருந்தார். எழுந்து வழிவிடப் போனவரைத் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். "உக்காருப்பா. உனக்கும் தூக்கம் வர்றதில்லையா?" என்று கேட்டார். "ஆமாங்க. ஒங்களுக்குமுங்களா?" என்றார் டெய்லர். முறை வரும்வரை இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு திங்கட்கிழமை காலை கவுண்டர் கம்ப்யூட்டரில் மின்கட்டண பில் பார்க்க 'பி' என்ற இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினேன். பெட்டிக்குக் கீழே ஒரு வரி இறங்கியது. 'பயமாக இருக்கிறது காரணம் தெரியவில்லை.'

அந்தக் கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர் யாரும் உட்காருவதில்லை. நான் தட்டவில்லை. மிச்சம் ஒரே ஆள். வேலை போனதிலிருந்து, சமையல் முடித்து நான் வரும்வரை தினமும் காலையில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

ஊருக்கெல்லாம் போர்டு எழுதி வைத்திருக்கிறேன். கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷனைக் கவனிக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவதும், கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புவதும் அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. உடனே போய்க் கேட்டுவிடலாம் என்று கால் பரபரத்தது. டீ கிளாஸோடு அந்தத் தம்பி முன்னால் நின்றது நினைவுக்கு வர, பொறுத்துக்கொண்டேன்.

மதியம் மின்வெட்டு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். கம்ப்யூட்டரில் பார்த்ததைச் சொல்லவில்லை. என்னைப் பற்றிச் சொன்னேன். அது பொய்யும் இல்லை.

"ஏங்க, எனக்குக் கொஞ்ச நாளா பயமா இருக்கு. படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது. ஒங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்களோன்னு சொல்லல."

அவர் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் எதுக்குச் சிரிக்கேன்" என்றார். பிறகு, "எனக்கும் அப்படித்தான் இருக்கு. எதுக்கு பயப்படுதேன்னே தெரியல. நீ என்ன நம்பி உக்காந்திருக்க, ஒன்கிட்ட எப்படிச் சொல்ல" என்றார். இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். மோரை ஊற்றி, "மொதல்ல சாப்பிடுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் போய் வரிசையில் உட்கார்ந்தார். கடைக்காரர் என்று முன்னால் விடச் சொல்லவில்லை. டாக்டர் அவரை முக்கால் மணி நேரம் வைத்துப் பேசினார். வெளியே வந்து என்னிடம், "இதச் செரி பண்ணிர்லாமுங்க்கா. ஆனா எங்கிட்ட மட்டும் விடாதீங்க, இதுக்கே படிச்ச டாக்டர் இருக்கறாரு" என்று கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மாதம் ஒருமுறை பஸ்ஸில் போய் வந்தோம். ஏழெட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார். முதல் மாதம் நிறையத் தூங்கினார், பிறகு அளவாகத் தூங்கினார். தமாஷும் திரும்பி வந்தது. ஆனால் ஒன்று மாறியிருந்தது. மனசு சரியில்லாத நாளில் தமாஷ் செய்ய மாட்டார். "இன்னிக்குச் சரியில்ல" என்று சொல்லிவிடுவார். நானும் சொல்லப் பழகினேன்.

அடுத்த வருடம் ஆர்டர்கள் மெல்லத் திரும்பின. அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு புது யூனிட்டில் அவருக்கு வேலை கிடைத்தது. டாக்டர் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து ஊரை விட்டுப் போனார். அவர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை வர வேறு டாக்டர் அமையவில்லை. வருகிறவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். கொஞ்ச காலத்தில் எல்லார் கையிலும் போன் வந்தது, பிரவுசிங் சென்டருக்கு வேலை இல்லாமல் போனது. இப்போது அங்கே ரெடிமேட் கடை. இன்றைக்கு ஜனங்கள் தங்கள் போனில் என்ன தட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அது எனக்கு நிம்மதியாகவும் இருக்கிறது, சில நாள் கவலையாகவும் இருக்கிறது.

ஞாயிறு காலைகளில் என் வீட்டுக்காரர் நடக்கப் போகிறார். கட்டிங் மாஸ்டரும், அந்த ஓவர்லாக் டெய்லரும், இன்னும் இரண்டு பேரும் கூடப் போவார்கள். டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த வரிசையில் பழகினவர்கள். ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, பேக்கரியில் இரண்டு மணி நேரம் உட்காருவார்கள். அப்படி என்னதான் பேசுவீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"யார் எப்படித் தூங்குனான்னு கேட்டுக்கிடுவோம்" என்றார். "அப்புறம் தேங்காய் பன்னு."