குண்டனுக்காகக் காத்திருந்த மாதங்கள்

சாவிக்காரர் என்றால்தான் அந்தக் கடைத்தெருவில் அவரைத் தெரியும். மருந்துக்கடைக்கும் ஒரு மாடிப்படிக்கும் நடுவே, அலமாரியை நிமிர்த்தி வைத்த மாதிரி அவருடைய கடை. உள்ளே ஓர் ஆள் உட்காரலாம். இன்னொருவர் வந்தால் முதல் ஆள் எழுந்து நிற்க வேண்டும். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது வாயைக் கிளறினால், ஊரார் வீட்டுக் கதவைத் திறந்துவிடவே நேரம் சரியாக இருக்கிறது, நம் வீட்டுக் கதவை யார் பார்ப்பது என்பார்.

அவருக்கு மேலே ஓர் அக்கா, கீழே ஒரு தங்கை. அப்பா திடீரென்று போய்ச் சேர்ந்தபோது, அக்கா யாரையும் கேட்கவில்லை. வெளிநாட்டில் ஒரு வீட்டில் படுக்கையில் கிடந்த அம்மாளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டாள், பெட்டியைக் கட்டிவிட்டாள். தம்பி தொழில் பழகியது, தங்கைக்குக் கல்யாணம் நடந்தது, ஒழுகிய கூரை மாறியது எல்லாம் அவள் அங்கே நின்றதால்தான். இடையில் அவள் வந்தது இரண்டே தடவை. தங்கை கல்யாணத்துக்கு ஒரு முறை, அம்மா சாவுக்கு ஒரு முறை.

அவள் பார்த்துக்கொண்ட அம்மாள் இறந்தபோது, வீட்டார் கட்டிலைப் பிரித்தார்கள், அலமாரிகளைப் பங்கு போட்டார்கள். அந்த அம்மாளின் நாயை மட்டும் யாரும் சீண்டவில்லை. சப்பை மூக்கு, குட்டைக் கால், மூச்சு விட்டாலே குறட்டை மாதிரி ஒரு சத்தம். அக்கா அதைத் தூக்கிக்கொண்டு ஒற்றை அறைக்குக் குடிபோனாள். ஒரு சலவைக்கடையில் சட்டை தேய்க்கும் வேலையில் சேர்ந்தாள். நாய்க்குக் குண்டன் என்று பெயர் வைத்தாள். போனில் பேசும்போதெல்லாம் பின்னால் கரகரவென்று ஒரு சத்தம் கேட்கும். லைன் சரியில்லை என்று சாவிக்காரர் முதலில் நினைத்தார். லைன் நல்லாத்தான் இருக்கு, உன் மருமகன் தூங்குறான் என்றாள் அக்கா.

ஒரு நாள் போனில் வேறு சேதி வந்தது. வயிற்றில் கட்டி, ஈரல் வரைக்கும் போய்விட்டது. மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார், இனிச் செய்ய ஒன்றும் இல்லை. இப்போதைக்குப் பயணம் செய்யலாம், எத்தனை நாளைக்கு அந்தத் தெம்பு இருக்கும் என்று சொல்வதற்கில்லை. எல்லாவற்றையும் ஒப்பிப்பது மாதிரிச் சொல்லிவிட்டு, கடைசியில் அக்கா, "நான் வீட்டுக்கு வந்துடறேன்டா" என்றாள்.

சாவிக்காரர் பாஸ்போர்ட் எடுத்தார். முன்னறையைக் காலி செய்து வெள்ளையடித்தார். குளியலறை வாசலை இடித்து அகலமாக்கினார். பிறகு கடையைப் பூட்டிவிட்டு, அவளைக் கூட்டிவர, வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறினார்.

அக்காவின் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, தேய்ப்புப் பலகை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். அக்கா பாதியாகிப் போயிருந்தாள். அவள் காலடியில் குண்டன் தலையணை போலக் கிடந்தது. தம்பியைப் பார்த்து அக்கா அழவில்லை. தண்ணீர் கொடுத்தாள், சட்டை கசங்கியிருக்கிறது கழற்று என்றாள். அப்புறம்தான், குண்டனும் நம்மோடு வருகிறான் என்றாள்.

சாவிக்காரர் நாய் டாக்டரிடம் விசாரிக்கப் போனார். போனபிறகுதான் விவகாரம் புரிந்தது. சப்பை மூக்கு நாய்க்குச் சாதாரணமாகவே மூச்சு திணறும். சரக்கு அறையில் போட்டு அனுப்ப எந்த விமானமும் ஒத்துக்கொள்ளாது. பயணிகளோடு, இருக்கைக்குக் கீழே பையில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். பையும் நாயும் சேர்ந்து எட்டு கிலோவைத் தாண்டக் கூடாது. பை இல்லாமலே குண்டன் அதைத் தாண்டியிருந்தது. தோலுக்கடியில் சிப் வைக்க வேண்டும், வெறிநாய் நோய்க்குத் தடுப்பூசி போட வேண்டும், அது உடம்பில் பிடித்திருக்கிறதா என்று ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ரத்தம் எடுத்த பிறகு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஊரில் இறங்கவிட அதுதான் சட்டம்.

அக்காவிடம் மூன்று மாதம் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது.

தங்கை போனில் ஒரே பிடியாக நின்றாள். முதலில் அக்காவைக் கூட்டிக்கொண்டு வா, நாயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். சாவிக்காரருக்கும் அதுதான் சரியென்று பட்டது. சலவைக்கடைக்கார அம்மாளே நாயை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார், நல்ல மனுஷி. சாவிக்காரர் மென்று விழுங்கி அக்காவிடம் சொன்னார். அக்கா சண்டை போடவில்லை.

"சரி. கொண்டுபோய்க் குடுத்துட்டு வா," என்றாள். "ராத்திரி கால் வலிக்கும் அவனுக்கு. தேய்ச்சு விடணும்னு அந்தம்மாகிட்ட சொல்லு."

அவர் குண்டனைக் கயிற்றில் பிடித்துக் கூட்டிப்போனார். நாய் தெரிந்த வழி என்பதால் சந்தோஷமாக முன்னால் நடந்தது. கடையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார். அறைக்கு வந்தபோது அக்கா குண்டனின் சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கழுவி ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருந்தாள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்குகிற மாதிரி இருந்தது, தூங்கவில்லை.

அந்தக் கிண்ணம் அவர் கண்ணில் பட்டது. எத்தனையோ வருஷமாக இந்த அறைக்குத் திரும்பி வந்தபோதெல்லாம் அவளை வரவேற்க இருந்தது யார் என்று நினைத்தார். நாம் இல்லை. தங்கை இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடியும் சலவைக்கடைக்குப் போனார். நாயோடு அவர் திரும்பி வந்ததைப் பார்த்த அக்கா எழுந்து உட்கார்ந்தாள். கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தாள்.

அப்படித்தான் அவர்கள் அங்கே தங்கிப்போனார்கள். இதை முடிவு செய்தது அவர்தான், அக்கா இல்லை. பின்னால் யார் கேட்டாலும் அவர் இதை மாற்றிச் சொன்னதில்லை.

விசா நீட்டிக்க அலைந்தார், சமைக்கப் பழகினார். குண்டனுக்கு வாயைக் கட்டினார்கள். வேகவைத்த காய்தான் சாப்பாடு என்றானதும் அது கிண்ணத்தைப் பார்க்கும், அவரைப் பார்க்கும், வீட்டில் வேறு நல்லவர்கள் யாருமில்லையா என்பது போலக் கதவைப் பார்க்கும். அவர் அந்தப் பக்கம் திரும்பினால் அக்கா பிஸ்கட் போடுவாள். கையும் களவுமாகப் பிடித்தால், "நான் எங்க போட்டேன், அவனா எடுத்துக்கிட்டான்" என்பாள். நடக்கவைத்து, படியேறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடை இறங்கியது. வலை வைத்த ஒரு மெல்லிய பை வாங்கி, அதற்குள் அக்காவின் பழைய சால்வையை விரித்தார்கள். முதலில் குண்டன் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு தலையை மட்டும் நுழைத்துத் தூங்கியது. ஒரு நாள் முழுசாக உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது. அன்று இருவரும் குழந்தை முதலடி வைத்ததைப் பார்த்த மாதிரி வாய் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

அக்காவும் எடை இழந்துகொண்டிருந்தாள்.

மதியங்களில் ஜன்னல் வெயிலில் உட்கார்ந்து பேசுவார்கள். சின்ன வயதுக்குப் பிறகு ஒரே கூரையின் கீழ் அவர்கள் இத்தனை நாள் இருந்ததில்லை. வந்த புதிதில் பாஷை தெரியாமல் கடையில் கோழி மாதிரிக் கத்திக் காட்டி முட்டை வாங்கியதை அவள் நடித்துக் காட்டினாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு வலி வந்துவிட்டது. தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்ட ஒருவனைப் பற்றியும் சொன்னாள். லாரி ஓட்டுகிறவன், நல்லவன். வீட்டில் சொல்லலாமென்று இருந்தாளாம், அந்த நேரம் பார்த்துத் தங்கையின் கல்யாணம் கூடிவந்ததாம். அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்கச் சாவிக்காரருக்கு வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

ரத்தப் பரிசோதனை நல்லபடி வந்தது. நாட்கள் நெருங்கின. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை போட்டு, கால் மாட்டில் குண்டனுக்கும் அனுமதி வாங்கினார். வீட்டில் அவளுக்காக என்னென்ன செய்து வைத்திருக்கிறார் என்று அக்கா மறுபடியும் மறுபடியும் கேட்பாள்.

"பாத்ரூம்ல கைப்பிடி எந்தப் பக்கம் போட்டிருக்கே?"

"வலது பக்கம்."

"எனக்கு இடது கைதானே இப்ப பலம்."

"போனதும் மாத்திடறேன்."

"ஆமா, மாத்திடு," என்றாள்.

கிளம்ப வேண்டிய வாரத்துக்கு முந்திய வாரம் அவளுக்குக் கண் மஞ்சளாகி, கால் வீங்கியது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். இந்த நிலையில் விமானம் ஏற்ற முடியாது என்றார் மருத்துவர். எந்த நிலையில் ஏற்றலாம் என்று சாவிக்காரர் கேட்டார். மருத்துவர் அவர் தோளில் கையை வைத்தார்.

நாயை அங்கே விடமாட்டார்கள். அவர் அறைக்கும் மருத்துவமனைக்குமாக நடந்தார். அக்கா கண்ணை மூடியபடியே, "பைக்குள்ள தூங்கறானா?" என்று கேட்டாள். குண்டன் இரண்டு நாளாகப் பையின் பக்கமே போகாமல், கதவுக்கு நேராகத் தரையில் கிடந்தது.

"நல்லா தூங்கறான்க்கா."

"மூச்சு?"

"ஒரு குறையும் இல்ல."

மறுநாள் அவர் போய்ச் சேர்வதற்குள் அக்கா இறந்துவிட்டாள்.

தகனத்துக்குச் சலவைக்கடை அம்மாளும், கூட வேலை பார்த்த பெண்கள் சிலரும் வந்தார்கள். அஸ்தியை ஒரு சின்ன மரப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். தங்கைக்கு போன் செய்தார். அவள் அழுது முடித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: "ஒரு நாய்க்காக அக்காவை அங்கேயே சாக விட்டுட்டியேண்ணா." அவர் போனைக் காதிலேயே வைத்திருந்தார். அந்தப் பக்கம் வைத்த பிறகும் வைத்திருந்தார்.

அன்று அவருக்குக் குண்டனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சாப்பாடு வைத்தார், முகம் கொடுக்கவில்லை. வேகவைத்த காயை அது ஒரு வார்த்தை பேசாமல் தின்றது.

விமான நிலையத்தில் குண்டனையும் பையையும் தராசில் வைத்தார்கள். எடை எட்டுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றது. கவுன்டரில் இருந்த பெண் புன்னகைத்துவிட்டு, அவருடைய தோள்பையைக் காட்டினாள். நாய்ப் பை இருப்பதால் வேறு கைப்பை கூடாது, அதைப் பெரிய பெட்டியோடு போட்டுவிடுங்கள் என்று சைகையும் பேச்சுமாகச் சொன்னாள். அவர் தோள்பையிலிருந்து மரப்பெட்டியை எடுத்து, அதற்கான சான்றிதழோடு மேசைமேல் வைத்தார். இது மட்டும் என்னோடு வர வேண்டும் என்றார், தனக்குத் தெரிந்த அரைகுறை பாஷையில். அந்தப் பெண் படித்தாள். சான்றிதழில் இருந்ததும், அவரோடு சேர்த்துப் போட்டு ரத்து செய்த இன்னொரு டிக்கெட்டில் இருந்ததும் ஒரே பெயர் என்பது அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

சோதனை வாசலில் நாயைப் பையிலிருந்து எடுத்துத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். பை ஒரு தட்டில், பெட்டி ஒரு தட்டில், இரண்டும் பட்டையில் நகர்ந்து இருட்டுக்குள் போயின. இத்தனை மாதத்தில் அவர் குண்டனைத் தூக்கியதே இல்லை. தூக்குவது அக்காவின் வேலை. நாய் நடுங்கியது. மூக்கை அவர் கழுத்தில் புதைத்துக்கொண்டது, ஈரமாக இருந்தது. சால்வையில் படுத்துப் படுத்து அதன் மேலெல்லாம் அக்காவின் வாசனை. வாசலைத் தாண்டிய பிறகும் அவர் அதைக் கீழே விடவில்லை. பின்னால் வரிசை நின்றது. காவலர் இரண்டு முறை கூப்பிட்டார். சாவிக்காரர் நாயைக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் நடுவில், அதுவரை அழாததையெல்லாம் அழுதார்.

விமானத்தில் அக்காவின் இருக்கை வேறொருவருக்குப் போயிருந்தது. கோட்டுப் போட்ட ஒரு மனிதர். கீழே கரகரவென்று சத்தம் கேட்டதும் குனிந்து பார்த்தார், முகம் சுளித்தார். தமிழ்தான் பேசினார்.

"நாயா? எனக்கு ஒத்துக்காதுங்க."

அவர் பணிப்பெண்ணிடம் சொல்லி, முன்னால் வேறு இடத்துக்குப் போய்விட்டார். அதில் சாவிக்காரருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. காலியான இருக்கையில் மரப்பெட்டியை வைத்தார். விமானம் எழும்பும்போது குண்டன் முனகியது. வலை வழியாக விரலை விட்டார். அது நக்கியது, பிறகு விரலின்மேல் தாடையை வைத்துத் தூங்கிப்போனது. விரலை எடுத்தால் விழித்துவிடும் என்று, இடுப்பு வலிக்க வலிக்கக் குனிந்தபடியே வந்தார். இறங்கும் நேரத்தில் பணிப்பெண் வந்து, இருக்கைமேல் எதுவும் இருக்கக் கூடாது என்றாள். அவர் பெட்டியைக் கீழே, பையை ஒட்டி வைத்தார்.

வீட்டுக்கு வந்து பல வாரம் தங்கை அவரோடு பேசவில்லை. அஸ்தி கரைக்க வந்தாள், கரைத்துவிட்டுப் போய்விட்டாள். குண்டன் கடையில் அவர் ஸ்டூலுக்குக் கீழே படுத்திருக்கும். சாவிக்கு வருகிறவர்கள் அந்தக் கரகர சத்தத்தைக் கேட்டு மெஷின் ரிப்பேரா என்று கேட்பார்கள். தங்கை சொன்னது சரியா தப்பா என்று சாவி அரைக்கும்போதெல்லாம் அவர் யோசிப்பார். முதலிலேயே கூட்டி வந்திருந்தால் அக்கா அந்த முன்னறையில் கொஞ்ச நாளாவது படுத்திருப்பாள். அது நிஜம்தான். அதை அவர் தனக்குத்தானே இல்லையென்று சொல்லிக்கொள்ளவில்லை.

மழை பெய்த ஒரு மதியம் தங்கை குடையோடு வந்து கடைமுன் நின்றாள். உட்கார இடமில்லை; அவர் எழுந்து ஸ்டூலைக் கொடுத்தார். கீழே கிடந்த நாயை அவள் தொடவில்லை, காலை மட்டும் ஒதுக்கிக்கொண்டாள்.

"அந்த மூணு மாசமும் அக்கா என்ன பண்ணிட்டிருந்தா?" என்று கேட்டாள். "வலியில அழுதாளா?"

"சில நாள் அழுதா. சில நாள் சிரிச்சா."

"என்ன சொல்லிச் சிரிச்சா?"

பூட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நனைந்தபடி வந்து நின்றார். சாவிக்காரர் அவரை நாளைக்கு வரச் சொன்னார். பிறகு நின்றபடியே தங்கையிடம் முட்டை வாங்கிய கதையைச் சொல்லத் தொடங்கினார்.